பச்சைப் பொத்தானைத் தொடாத கறுப்புத்திரை

கடவுள் மனிதனுக்குப் பத்து விரல்கள் கொடுத்தது கீபோர்டுக்காகத்தான். மௌஸ்தான் முக்கியம் என்று நினைத்திருந்தால் ஒரு விரலோடு நிறுத்தியிருப்பார். இது என் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் ஆபீஸ் கறுப்புத்திரையின் கொள்கை. இந்தக் கொள்கைக்காக எம்.டி.யிலிருந்து டீ கொண்டுவருபவர் வரை அத்தனை பேரிடமும் சண்டை போட்டு, கடைசியில் வேலையையே உதறவும் துணிந்த மனிதர் பூலோகத்தில் அவர் ஒருவர்தான். இன்னொருவர் இனிமேல் பிறக்கப் போவதில்லை. அப்படியே பிறக்க நேர்ந்தாலும், பிரசவ வார்டில் மௌஸ் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதென்று தெரிந்தால் வெளியே வர மாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவார். அவருடைய கம்ப்யூட்டரில் படம் கிடையாது, நிறம் கிடையாது, பொத்தான் கிடையாது. கன்னங்கரேலென்று ஒரு திரை. அதில் வெள்ளை வெள்ளையாக எழுத்து. ஒருமுறை ஆபீசுக்கு வந்த பட்டுக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “ஏம்பா, எல்லாருக்கும் கரெண்ட் இருக்குது, உனுக்கு மட்டும் கட் பண்ட்டாங்களா?” என்று பரிதாபமாகக் கேட்டார். அன்றிலிருந்து அவர் கறுப்புத்திரை. ஆபீஸ் அவருக்குக் கொடுத்த மௌஸை அவர் வீணாக்கவில்லை. அதன் ஒயரிலேயே சுருக்குப் போட்டு, தன் நாற்காலிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தார். கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குமே, அதே மரியாதை.

எங்கள் ஆபீஸ் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருக்கிறது. பட்டுக்கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். காஞ்சிபுரத்தில் சாஃப்ட்வேரா என்று மெட்ராஸ் சிநேகிதர்கள் சிரிப்பார்கள். விமானத்துக்கு எழுதுவதைவிட இது கஷ்டம் என்று அவர்களுக்கு நான் சொல்வேன். விமானத்துக்கு ஆடித் தள்ளுபடி கிடையாது, விமானத்தில் ஏறிய பிறகு, “இதே டிசைன்ல மயில் கழுத்து கலர் இருக்குதா?” என்று யாரும் கேட்பதும் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த அளவுக்குத்தான் விளக்குவேன். ஒரே சாஃப்ட்வேரை நாலைந்து பேர் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு திருத்துவோம். திருத்தியதையெல்லாம் பிறகு ஒரே மூலப்பிரதியில் சேர்க்க வேண்டும். இதற்கு மெர்ஜ் என்று பெயர். ஆளுக்கொரு இடத்தைத் தொட்டிருந்தால் தொல்லையில்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் கைவைத்திருந்தால், எது இருக்கட்டும், எது போகட்டும் என்று கம்ப்யூட்டர் நம்மையே கேட்கும். தானாக ஒரு முடிவும் எடுக்காது. எங்கள் எம்.டி.யும் அப்படித்தான்.

இந்த மெர்ஜைச் செய்ய இரண்டு வழிகள். ஒன்று, வெப் பக்கத்துக்குப் போனால் அங்கே பச்சையாக ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் முடிந்தது. இன்னொன்று, கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாக டைப் அடித்து, எதை எடுத்து எதோடு சேர்ப்பது என்று நாமே சொல்வது. கறுப்புத்திரை இரண்டாவது வழியின் ஒரே பக்தர். நான் முதல் வழியின் அடிமை. எதற்கென்று கேட்காமல், பச்சையாக எது தெரிந்தாலும் அழுத்திவிடுவது என் சுபாவம். இன்ஜினியரிங்கில் நான் எழுதாத அரியர் கிடையாது. எம்.டி. என் சித்தப்பாவின் நண்பர் என்ற ஒரே தகுதியில் வேலைக்குச் சேர்ந்தவன். அதனால் எனக்கும் ஒரு பெயர் விழுந்தது: பச்சை.

“ஏன் பச்ச, நீ அமுத்தினியே, உள்ள இன்னா நடந்துச்சுன்னு தெரியுமா?” என்பார் கறுப்புத்திரை.

“மெர்ஜ் ஆச்சுண்ணா.”

“எது எதோட?”

“எல்லாம்... எல்லாத்தோடவும்.”

“நீயெல்லாம் கண்ண மூடிக்கினு தாலி கட்டறவன்பா. பக்கத்துல யாரு உக்காந்துக்கினு இருக்காங்கன்னுகூடப் பாக்க மாட்ட.”

அவர் பேச்சே இப்படித்தான், எதற்கும் விளக்கம், எல்லாவற்றிலும் ஒழுங்கு. டிபன் கடைக்குப் போனால் சப்ளையருக்கும் கட்டளைதான். “இட்லி. ரெண்டு. மேல பொடி, எண்ணெய் தனியா. சட்னி வேணாம். கேக்காம எதையும் ஊத்தக் கூடாது.” சப்ளையர் நல்ல மனிதர், பழக்கதோஷத்தில் சாம்பாரை ஊற்றிவிடுவார். இவர் கோபப்பட மாட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “ரத்து. முதல்லேர்ந்து. இட்லி. ரெண்டு...” என்று ஆரம்பிப்பார். ஒருநாள் அந்தச் சப்ளையர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கூட வர்றாரே, அவுருக்கு இன்னா, டாக்டர் எதுனா சொல்லிக்கிறாரா?” என்று கேட்டார்.

இத்தனை சொன்னாலும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். என் பச்சைப் பொத்தான் ஒன்றும் உத்தமி அல்ல. முந்தானை பற்றிய பகுதியை இரண்டு பேர் திருத்தியிருந்தார்கள். எது வேண்டும் என்று வெப் பக்கம் கேட்டது. பாவம், இரண்டு பேரும் உழைத்திருக்கிறார்களே என்று ‘இரண்டும் இருக்கட்டும்’ என்பதை அழுத்திவிட்டேன். மறுநாள் ஆன்லைனில் விற்ற அத்தனை புடவைக்கும் இரண்டு முந்தானை என்று விவரம் போய்விட்டது. செவிலிமேட்டிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

“தம்பி, ரெண்டு பக்கமும் முந்தானன்னு போட்டுக்கிறீங்களே, எதத் தோள்ல போடறது, எத இடுப்புல சொருவறது?”

கறுப்புத்திரை அன்று வாய்விட்டுச் சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அது இன்னும் மோசம்.

ஆனால் அவருடைய கறுப்புத் திரையும் சாதுவல்ல. அதில் ஒரு கட்டளையை அழுத்தமாகக் கொடுத்தால், “நிச்சயமாகவா?” என்றுகூடக் கேட்காமல் செய்து முடித்துவிடும். எங்களோடு வேலை பார்க்கும் வசந்தி சின்ன காஞ்சிபுரத்துப் பெண், நிதானமானவள், ஒரு வாரம் உட்கார்ந்து அவள் எழுதிய பகுதியை இவர் ஒரே கட்டளையில் காணாமல் அடித்துவிட்டார்.

“அண்ணா, என்னுது எங்க?”

“இருக்குது மா. எதுவும் அழியாது. எங்கயோ இருக்குது.”

“எங்கண்ணா?”

“அதத்தான் கேட்டுக்கினு இருக்கேன், பதில் சொல்ல மாட்டேங்குது.”

மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து டைப் அடித்துத் தோண்டி, சாயங்காலம் அதைப் பத்திரமாக வெளியே எடுத்தார். எடுத்துவிட்டு, “பாத்தியா, உயிரு போவுல” என்றார், ஏதோ வசந்திதான் அதைக் கொன்றுவிட்டு வந்தவள் மாதிரி.

இப்படி இரண்டு கட்சியும் ஆளுக்கொரு குழியில் விழுந்து எழுந்து நடத்திக்கொண்டிருந்த ஆபீசில் எம்.டி. ஒருநாள் தலையிட்டார். எம்.டி. எளிமையான மனிதர். ஒரே வேலையை இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொல்வார். ஒருவர் மறந்தால் இன்னொருவர் செய்வார் என்பது அவர் நிர்வாக முறை. அவருடைய போனில், யாராவது வெப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் பச்சையாக ஓர் அறிவிப்பு வரும். கறுப்புத்திரை செய்யும் மெர்ஜுக்கு அது வராது.

“எனக்கு கண்ணுல தெரியணும்பா. பச்சையா வந்தாத்தான் வேலை நடக்குதுன்னு ஒரு நிம்மதி. ஆவணி பொறந்ததும் எல்லா மெர்ஜும் பொத்தான்லதான். கறுப்புல யாரும் சேக்கக் கூடாது.”

கறுப்புத்திரை எழுந்து நின்றார். அவர் நிற்பதை நாங்கள் அபூர்வமாகத்தான் பார்ப்போம்.

“சார், பொத்தானு நான் அமுத்த மாட்டேன்.”

“அமுத்தலைன்னா?”

“ஆவணில அந்தப் பட்டுக்கடையம்மாவோட கடைக்கு நம்ம சாஃப்ட்வேர் போவுதில்ல, அது வரைக்கும் இருப்பேன். முதல் பில்லு வந்ததும் நான் கெளம்பறேன். வாலாஜாபாத்துல என் மச்சான் பெயின்ட் கடை வெச்சிருக்காரு. கல்லால உக்காருன்னு ரொம்ப நாளா கூப்புட்டுக்கினு இருக்காரு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். ஆனால் அவர் ஒன்றை டைப் அடித்துவிட்டு மாற்றியதை நாங்கள் பார்த்ததுண்டு. வாயால் சொல்லிவிட்டு மாற்றியதைப் பார்த்ததில்லை. எம்.டி.யும் இறங்கவில்லை. மெர்ஜ் செய்யும் அதிகாரம் முழுவதும் எனக்கு வந்தது. ஜன்னலோரம் இருந்த அவருடைய நாற்காலியும் வரும் என்று மனதுக்குள் அளவெடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆவணி முகூர்த்தம் ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கடையம்மாவின் கடையில் முதல் பில் வர வேண்டும். கடையம்மா புருஷனுக்குப் பிறகு தானே கடையை நடத்துகிறவர். குரல் கல்லாவிலிருந்து புறப்பட்டால் தெருமுனைவரை போகும். எங்கள் சாஃப்ட்வேர் அங்கே நன்றாக ஓடினால் அவருடைய உறவுக்காரர்களின் கடைகளெல்லாம் எங்களுக்கு வரும். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். பிரிண்டருக்குத் தனியாக ஒரு பொட்டு. முதல் பில்லுக்காக ஒரு கல்யாண வீட்டுக்காரர் மனைவியோடு, எடுத்த புடவைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கறுப்புத்திரையும் வந்திருந்தார். வெள்ளை விரித்த மெத்தையில், ஒரு மூலையில், திண்டில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, மனைவி புடவை தேர்ந்தெடுத்து முடிப்பதற்காகக் காத்திருக்கும் புருஷன்மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது கடைசி நாள். பக்கத்தில் பை, பையிலிருந்து கீபோர்டின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

முந்தின நாள்தான் கடையம்மா எம்.டி.யிடம் போனில், “பில்லுக்கு மேல ஒரு சாமி படம் போட்டுடுங்கப்பா” என்று சொல்லியிருந்தார். எம்.டி. வழக்கப்படி அதை இரண்டு பேரிடம் சொன்னார். வேறு எந்த ஊராக இருந்தாலும், “எந்தச் சாமி?” என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள். காஞ்சிபுரத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவரவர் தெருவில் அதற்குப் பதில் எப்போதோ முடிவாகிவிட்டது. பெரிய காஞ்சிபுரத்துக் கறுப்புத்திரை, சாமி என்றால் காமாட்சிதானே என்று அம்பாளை வைத்தார். சின்ன காஞ்சிபுரத்து வசந்தி, சாமி என்றால் வரதர்தானே என்று பெருமாளை வைத்தாள். இரண்டு பேரும் அந்தப் படத்துக்கு வைத்த பெயர் ஒன்றே: சாமி. பெயர் ஒன்றானால் கம்ப்யூட்டருக்கு இடமும் ஒன்றுதான்.

காலையில் கறுப்புத்திரையின் மாற்றத்துக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். சேர்ந்தது. அடுத்து வசந்தியுடையதுக்கு அழுத்தப் போனேன். பச்சை இல்லை. பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொத்தான் என்னிடம் முடியாது என்றது. வசந்தியுடையதை விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பில்லில் போட வேண்டிய ஜி.எஸ்.டி. வரிக்கணக்கு அவளுடைய பிரதியில்தான் இருந்தது. சாமி தீராமல் வரி சேராது.

மெத்தை மூலைக்குப் போனேன்.

“அண்ணா...”

“நான் இன்னிக்கு விருந்தாளி பா.”

“கொஞ்சம் வாங்கண்ணா.”

“இன்னா சொல்லுது உன் பச்ச?”

“ஏதோ சொல்லுது.”

“ஏதோன்னா? படி. சத்தமா படி. கல்யாண வூட்டுக்காரருக்கும் கேக்கட்டும்.”

படித்தேன். அந்த வெப் பக்கம் தன் வாயாலேயே இப்படிச் சொல்லியிருந்தது: இந்தச் சிக்கலை இங்கே தீர்க்க முடியாது, கமாண்ட் லைனுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளவும். கமாண்ட் லைன் என்றால் அவருடைய கறுப்புத் திரைதான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் நாயனம் கேட்கிறவரின் களை. “இன்னொரு தபா படி” என்றார். படித்தேன். கல்யாண வீட்டுக்காரரும், விஷயம் புரியாவிட்டாலும், யாரோ யாரிடமோ தோற்றுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு தலையை ஆட்டினார்.

கறுப்புத்திரை எழுந்து வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கீபோர்டை எடுத்து மாட்டினார். திரை கறுத்தது. பத்து விரலும் இறங்கின. சடசடவென்று நாலு வரி. ஐந்தாவது வரியில் நின்றுவிட்டார்.

எழுத்தாக இருந்தால் இதில் பாதி அதில் பாதி என்று சேர்க்கலாம். படத்தை அப்படிச் சேர்க்க முடியாது. ஒன்று இருக்க வேண்டும், ஒன்று போக வேண்டும். அதற்குக் கட்டளையில் ஒரு வார்த்தை எழுத வேண்டும்: ‘நம்முடையது’ அல்லது ‘அவர்களுடையது’. கறுப்புத்திரை ஆயுளில் ஆயிரம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்த வார்த்தை. பின்னால் வசந்தி நின்றுகொண்டிருந்தாள்.

“யாருண்ணா அது, அவங்க?”

“அது கம்ப்யூட்டர் பாஷ மா. நான் நிக்கற பக்கம் இருக்கறது நம்மளுது. புதுசா வர்றது அவங்களுது.”

“பெருமாளு புதுசா வர்றவரா? எங்க தெருவுல அவரு எப்பவோ வந்து நின்னுட்டாரு.”

“தப்பா நெனச்சிக்காதமா. இரு, நான் உன் பக்கம் வந்து நின்னுக்கறேன்.” இரண்டு கட்டளை அடித்து, வசந்தியின் பிரதிக்குள் போய் நின்றுகொண்டார். “இப்ப பெருமாளு நம்மளவரு. அம்பாளு அவங்...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “அபச்சாரம், அபச்சாரம்.”

எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடிவந்தார். “இன்னாபா இவ்ளோ யோசன? ரெண்டுல ஒண்ணத் தூக்கு!”

“சொல்லுங்க சார், எந்தச் சாமியத் தூக்கட்டும்? நீங்க வாய்விட்டுச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

எம்.டி. கறுப்புத்திரையைப் பார்த்தார். வசந்தியைப் பார்த்தார். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். “ஒரு அர்ஜென்ட் போன் பேசிட்டு வந்துடறேன்” என்று தெருவுக்குப் போனவர், மணி அடிக்காத அந்தப் போனில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கடையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கறுப்புத்திரையின் பத்து விரலும் கீபோர்டுக்கு மேலே, சாப்பிடுவதா வேண்டாமா என்று இலைக்கு மேலே நிற்கிற கைமாதிரி நின்றன. கடைசியில் கடையம்மாவே கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“இன்னாபா ரகள?”

“மா, ஒரு சாமின்னு சொன்னீங்க. ரெண்டு வந்துட்டாங்க. யாரு இருக்கறதுன்னு...”

“வந்த சாமிய வெளிய போன்னு எவனாவது சொல்லுவானா? ரெண்டு பேரையும் வைய்யி.”

“ஒரு எடம்தான் இருக்குது மா.”

“ஒட்டிக்கினு நிக்கட்டும். அண்ணனும் தங்கச்சியும்தானபா அவங்க? சின்ன எடம்னா நிக்க மாட்டாங்களா?”

கடை முழுக்க ஒரு பெருமூச்சு. கறுப்புத்திரை விரல்களை இறக்கினார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக்குவதற்கும் அவரிடம் ஒரு கட்டளை இருந்தது. அடித்தார். சாமி ஒன்றானது. வரி சேர்ந்தது. மெர்ஜ் முடிந்தது. “அட்ரா” என்றார் கல்யாண வீட்டுக்காரர். பிரிண்டர் கரகரவென்று முதல் பில்லைத் துப்பியது.

பில்லைப் பார்க்க எல்லோரும் எட்டிக் குனிந்தார்கள். உள்ளங்கை அகலக் காகிதம். நிறம் தெரியாத பிரிண்டர். இரண்டு வண்ணப் படங்கள் நெருக்கியடித்து அதில் இறங்கியதில், பில்லின் உச்சியில் ஒரு கட்டம் கன்னங்கரேலென்று இருந்தது. அம்பாளும் இல்லை, பெருமாளும் இல்லை. ஒரு கறுப்புத் திரை மட்டும் இருந்தது.

கறுப்புத்திரையின் முகம் வெளுத்தது. ராகு காலத்துக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன.

“இன்னாங்க, மேல ஒரே கறுப்பா இருக்குது?” என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

யோசிக்காமல் எதையாவது அழுத்துவது என் சுபாவம் என்று சொன்னேன் அல்லவா? யோசிக்காமல் பேசுவதும் அதே வகைதான்.

“கருவறைங்க. உள்ள இருட்டாத்தான் இருக்கும். கொஞ்சம் நின்னு பாத்தா தெரிவாங்க.”

கடையம்மா பில்லை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, “தெரியறாங்கபா” என்றார். காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாண வீட்டுக்காரரின் மனைவி எட்டிப் பார்த்து, “மூக்குத்தி மின்னுது பாருங்க” என்றார். அதற்கப்புறம் தெரியவில்லை என்று சொல்ல அந்தக் கடையில் யாருக்குத் தைரியம்? வசந்தியே தன் பக்கம் திருநாமம் தெளிவாகத் தெரிவதாகச் சொல்லிவிட்டாள். எம்.டி. அந்த நேரம் பார்த்து போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, “பாத்தீங்களாமா, நம்ம சிஸ்டம் எவ்ளோ ஸ்மூத்தா போவுது!” என்றார்.

தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். எம்.டி. கறுப்புத்திரையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ இருந்துடேன்பா.”

“பொத்தானு சார்?”

“பொத்தான் பொத்தான்தான். எனக்கு போன்ல பச்சையா வரணும்.”

“அப்ப வாலாஜாபாத்து வாலாஜாபாத்துதான் சார்.” கையைக் கழுவிக்கொண்டு, கீபோர்டைப் பையில் செருகிக்கொண்டு, கறுப்புத்திரை இறங்கிப் போய்விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஜன்னலோர நாற்காலி என்னுடையது. மெர்ஜ் அதிகாரம் என்னுடையது. இனிமேல் உள்ளே என்ன நடந்தது என்று கேட்க ஆள் கிடையாது. அந்தக் கடைசி எண்ணம் வந்ததும் பாதிப் பொங்கலோடு தொன்னையைக் கீழே வைத்தேன். வாசலில் கிடந்த செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான் தெரிந்தது, இரண்டும் இடது கால் செருப்பு. அதில் ஒன்று என்னுடையதே இல்லை.

பஸ் ஸ்டாண்டில், வாலாஜாபாத் பஸ் நிற்கும் இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாபா, நடையே ஒரு தினுசா இருக்குது?”

“அத விடுங்கண்ணா. உங்க மச்சான் கடைல பில்லு எதுல போடறாங்க தெரியுமா?”

“எதுல?”

“நம்ம சாஃப்ட்வேர்தான். போன மாசம் புடவைய பெயின்ட்டுன்னு மாத்தி நானே போய் வெச்சிட்டு வந்தேன். மௌஸ் கிடையாது.”

முகம் மலர்ந்தது. “அப்ப கீபோர்டு?”

“அதுவும் கிடையாது. தொடுதிரை. எல்லாத்தையும் விரலாலயே தொட்டுத் தொட்டு... எல்லாம் பொத்தான்தாண்ணா. பெரிசு பெரிசா. பச்சப் பச்சையா.”

அவர் தன் ஆள்காட்டி விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது. “வாலாஜாபாத், தென்னேரி கூட்ரோடு, ஏறு ஏறு!” என்று கண்டக்டர் கத்தினார். அவர் எழுந்திருக்கவில்லை, ஆனால் திரும்பி வருவதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

“அண்ணா, நீங்க கறுப்புலயே எல்லாத்தையும் தீத்து வைங்க. எம்.டி. கண்ணுக்குத் தெரியறதுக்குக் கடைசியில ஒரு பொத்தானு. அத நான் அமுத்தறேன். உங்க விரலு படவே படாது.”

யோசித்தார். பஸ் உறுமியது.

“பாக்காம அமுத்தக் கூடாது.”

“சரிண்ணா.”

“ஒவ்வொரு வரியும் படிக்கணும். புரியலைன்னா கேக்கணும்.”

“நெறைய கேப்பேன்.”

“ஏன் சேக்குறோம்னு ரெண்டு வரி எழுதணும். ‘சின்ன மாற்றம்’னு எழுதினீன்னா நான் அடுத்த பஸ்ஸ புடிச்சிடுவேன்.”

“எழுதறேண்ணா.”

“ஏம்பா, ஏறுறியா இல்லியா?” என்றார் கண்டக்டர்.

“ரத்து” என்றார் கறுப்புத்திரை.

அந்த ஏற்பாடுதான் இன்றுவரை நடக்கிறது. எம்.டி.யின் போனில் பச்சையாக வருகிறது, அவருக்கு நிம்மதி. கறுப்புத்திரை தன் இருட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்து எனக்கு அனுப்புகிறார். அதில் தப்பு இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, புரிந்த இடத்திலும் புரியாததுபோல் ஒரு கேள்வி கேட்டு, அவர் அலுத்துக்கொண்டே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும்வரை, நான் பொத்தானைத் தொடுவதில்லை.